தேர்தல் முடிந்ததும் உயர் அதிகாரி விலகினால்: செய்தியை எப்படிப் படிப்பது?

தேர்தல் முடிவு வெளியான சில நாள்களிலேயே "உயர் அதிகாரி ராஜினாமா" என்ற செய்தி வருவது நமக்குப் பழகிப்போன ஒன்று. செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் காரைக்குடி கல்லுக்கட்டிக் கடைவீதியிலும் தேவகோட்டைப் பேருந்து நிலையத்திலும் அதற்கு மூன்று விளக்கங்கள் தயாராகிவிடும். "புது ஆட்சி நெருக்கடி கொடுத்துக் கிளப்பிவிட்டது" என்பது ஒன்று. "ஏதோ ஒரு கட்சியில் சேரப் போகிறார், அதற்குத்தான் இந்த ஏற்பாடு" என்பது இரண்டு. "ஓட்டு எண்ணிக்கையில் ஏதோ நடந்திருக்கிறது, மாட்டிக்கொள்ளும் முன் ஒதுங்குகிறார்" என்பது மூன்று. சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலந்து, விலகியவர் எந்தப் பதவியில் இருந்தார் என்பதே மறந்துவிடுகிறது.

மூன்று விளக்கங்களும் ஒரே அளவுக்குத் தவறானவை அல்ல. சில பதவிகளில் முதல் விளக்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அங்கே அது குற்றச்சாட்டுகூட இல்லை, வழக்கம்தான். வேறு சில பதவிகளில் இருப்பவரை அரசு தன் விருப்பத்துக்கு நீக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே செய்தியைப் படிக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது, ஆளையல்ல, அவர் அமர்ந்திருந்த நாற்காலியை.

நாற்காலி எந்த வகை?

அரசின் மேல்மட்டப் பதவிகளை, அவற்றிலிருந்து ஒருவரை யார், எப்படி விலக்க முடியும் என்ற அளவுகோலை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

1. ஆட்சியோடு வந்து ஆட்சியோடு போகும் பதவிகள். இவற்றுக்குத் தலையாய எடுத்துக்காட்டு மாநிலத்தின் அட்வகேட் ஜெனரல் பதவி. அரசியலமைப்பின் 165-ஆவது பிரிவின்படி அவரை ஆளுநர் நியமிக்கிறார். ஆளுநர் விரும்பும் காலம்வரைதான் அவர் பதவியில் இருக்க முடியும். நடைமுறையில் அது அமைச்சரவையின் விருப்பம். அரசுக்கு நீதிமன்றத்தில் குரல் கொடுப்பவர் அரசின் நம்பிக்கைக்கு உரியவராக இருக்க வேண்டும் என்பதால், ஆட்சி மாறினால் இவர் விலகுவது மரபு. அரசு வழக்கறிஞர்கள், வாரியத் தலைவர்கள், ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்ட ஆலோசகர்கள் ஆகியோரில் பெரும்பாலோர் இந்த வகையில்தான் வருவார்கள்.

2. நிரந்தரப் பணியினர். தலைமைச் செயலாளர், துறைச் செயலாளர்கள், மாவட்ட ஆட்சியர்கள், காவல்துறைத் தலைவர் ஆகிய ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள். புதிய அரசு இவர்களை எந்த இருக்கையிலிருந்தும் எழுப்பிவிடலாம். பணியிலிருந்து அகற்ற முடியாது. அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு அதற்கு விசாரணை, விளக்கம் அளிக்க வாய்ப்பு என்ற தடுப்புகளை வைத்திருக்கிறது.

3. எளிதில் நீக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்புப் பெற்ற பதவிகள். தலைமைத் தேர்தல் ஆணையர், அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தலைவர், உறுப்பினர்கள் போன்றோர். தலைமைத் தேர்தல் ஆணையரை உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையில் மட்டுமே நீக்க முடியும். மாநிலத் தேர்வாணையத்தின் உறுப்பினரை ஆளுநர் நியமித்தாலும், நீக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் மட்டுமே இருக்கிறது.

முதல் வகைக்குத் தமிழ்நாட்டிலேயே தெளிவான வரலாறு உண்டு. 2021 மே 2 அன்று சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்து ஆட்சி மாறியபோது, அட்வகேட் ஜெனரலாக இருந்த விஜய் நாராயண் விலகினார், ஆர். சண்முகசுந்தரம் அந்த இடத்துக்கு வந்தார். 2024 ஜனவரியில் அவரும் விலக, பி.எஸ். ராமன் பொறுப்பேற்றார். இதே ராமன் 2009 முதல் அந்தப் பதவியில் இருந்து, 2011-இல் ஆட்சி மாறியபோது வெளியேறியவர். அன்று அவர் விலகியதை அவமானமாக யாராவது எடுத்துக்கொண்டிருந்தால், பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அவர் திரும்பி வந்ததற்கு விளக்கம் சொல்ல முடியாமல் திண்டாடியிருப்பார்கள். இந்த வகைப் பதவியில் ராஜினாமா என்பது சாவியை வைத்துவிட்டுப் போவது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களில் ஒரு குழப்பம் அடிக்கடி எழுகிறது. அங்கே அதிபர் மாறினால் ஏறத்தாழ 4,000 பணியிடங்களுக்குப் புதிய ஆள்களை அரசியல் நியமனமாகவே போடுகிறார்கள். துறைச் செயலாளர்கள் எல்லோரும் மாறுகிறார்கள். நம் நாடு ஆங்கிலேயரிடமிருந்து எடுத்துக்கொண்டது நிரந்தர அதிகாரவர்க்க முறை. அமெரிக்காவில் இயல்பாக நடப்பதை வைத்து இங்கே தலைமைச் செயலாளர் மாற்றத்தை அளக்கக் கூடாது. 2021 மே 7 அன்று புதிய அரசு பதவியேற்றதும் ராஜீவ் ரஞ்சனுக்குப் பதில் வெ. இறையன்பு தலைமைச் செயலாளரானார். ராஜீவ் ரஞ்சன் ராஜினாமா செய்யவில்லை. வேறு பணியிடத்துக்கு மாற்றப்பட்டார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பலருக்குச் சின்னதாகத் தெரியலாம். சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு அது ஓய்வூதியத்தையும் பணிக்காலத்தையும் பற்றிய விஷயம்.

வெளியேறும் வழிகள் நான்கு

செய்தித் தலைப்புகளில் "விலகல்" என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்படுபவை உண்மையில் வெவ்வேறு விதிகளின் கீழ் வருபவை.

1. ராஜினாமா. அகில இந்தியப் பணியினருக்கான 1958-ஆம் ஆண்டின் ஓய்வுகாலப் பயன் விதிகளில், 5-ஆவது விதி ராஜினாமாவைப் பற்றியது. ராஜினாமா செய்பவர் அந்த விதிகளின்படி கிடைக்கும் ஓய்வுகாலப் பயன்களை இழக்கிறார். 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தவர்கள் புதிய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பதால், அவர்களுடைய கணக்கில் ஏற்கெனவே சேர்ந்த பணம் அவர்களுக்கே உரியது. மூத்த அதிகாரிகளுக்கு இழப்பு பெரிது. அதனால்தான் இருபது, முப்பது ஆண்டு பணியாற்றியவர்கள் ராஜினாமா செய்வது அரிது.

2. விருப்ப ஓய்வு. ஊரில் வி.ஆர்.எஸ். என்றுதான் சொல்வோம். 20 ஆண்டுகள் பணி முடித்தவர் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து, அரசு ஏற்றுக்கொண்டால், பயன்களோடு வெளியேறலாம்.

3. இடமாற்றமும் காத்திருப்போர் பட்டியலும். "டம்மி போஸ்டிங்", "தூக்கி அடித்துவிட்டார்கள்" என்று பேச்சில் வருவது இதைத்தான். சம்பளம் குறையாது, தரம் குறையாது, அதிகாரம் மட்டும் போய்விடும். தமிழ்நாட்டில் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளின் இடமாற்ற ஆணைகள் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறையிலிருந்து (Public Department) வெளியாகின்றன.

4. பணி நிறைவு. ஓய்வு வயது 60. தலைமைச் செயலாளருக்கு, மத்திய அரசின் ஒப்புதலோடு, ஆறு மாதம்வரை நீட்டிப்புத் தர விதியில் இடமிருக்கிறது. தேர்தலை ஒட்டி நீட்டிப்புப் பெற்றவர் அது முடிந்து போவதும், புதிய அரசு அடுத்த நீட்டிப்பைக் கேட்காமல் விடுவதும் செய்திகளில் "விலகினார்" என்றே வருகின்றன.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஆணையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இவற்றில் எது நடந்தது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆணையின் நடுவில் அட்டவணைபோல் இரண்டு பத்திகள் இருக்கும்: ஒன்றில் அதிகாரியின் பெயரும் தற்போதைய பதவியும், எதிரே புதிய பதவி. எதிரே ஏதாவது ஒரு பதவி எழுதியிருந்தால் அது இடமாற்றம். "பணியிட ஆணை தனியே வழங்கப்படும்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் காத்திருப்பு. ராஜினாமாவை இந்தப் பட்டியலில் பார்க்க முடியாது, ஏனென்றால் அதை ஏற்கும் அதிகாரம் மாநில அரசிடம் இல்லை. ஐ.ஏ.எஸ். அதிகாரியின் ராஜினாமாவை மத்தியப் பணியாளர் துறையும், ஐ.பி.எஸ். அதிகாரியின் ராஜினாமாவை மத்திய உள்துறையும்தான் ஏற்க முடியும். மாநில அரசு தன் பரிந்துரையோடு கடிதத்தை அனுப்பிவைக்கிறது. "முதலமைச்சர் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்" என்று ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியைப் பற்றிச் செய்தி வந்தால், எழுதியவருக்கு விதி தெரியவில்லை என்று கொள்ளலாம்.

ஏன் தேர்தல் முடிந்த கையோடு நடக்கிறது?

சந்தேகத்துக்கு விதை போடுவது இந்தக் காலப் பொருத்தம்தான். முடிவு வந்த மறு வாரமே ஒருவர் போனால், முடிவுக்கும் அவர் போனதற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. சட்டத்தைப் பார்த்தால் வேறு கணக்கு தெரிகிறது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 28ஏ பிரிவின்படி, தேர்தல் நடத்தும் அலுவலர்கள், வாக்குச்சாவடி அலுவலர்கள், தேர்தலுக்கென நியமிக்கப்பட்ட காவல் அதிகாரிகள் ஆகியோர், தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து முடிவு அறிவிக்கப்படும் நாள்வரை தேர்தல் ஆணையத்துக்கு அயற்பணியில் (டெபுடேஷன்) இருப்பதாகக் கருதப்படுகிறார்கள். அந்தக் காலத்தில் அவர்கள் ஆணையத்தின் கட்டுப்பாட்டிலும் ஒழுங்குமுறையிலும் இருப்பார்கள். மாவட்ட ஆட்சியர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர். தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருக்கும்போது தேர்தல் பணியோடு தொடர்புடையவர்களை மாநில அரசு தன் விருப்பத்துக்கு மாற்றவும் முடியாது.

இதன் விளைவு எளிது. நடத்தை விதிகள் நடப்பில் இருக்கும் வாரங்களில் போக நினைத்தவர் போக முடிவதில்லை, அனுப்ப நினைத்த அரசு அனுப்ப முடிவதில்லை. தேர்தலுக்கு முன்பே, சொந்த மாவட்டத்தில் பணியாற்றுபவர்களையும் கடந்த நான்கு ஆண்டுகளில் மூன்று ஆண்டுகளை ஒரே மாவட்டத்தில் கழித்தவர்களையும் மாற்றச் சொல்லி ஆணையம் உத்தரவிடுவதால், அப்படி வேறிடம் போனவர்களில் சிலர் திரும்பக் காத்திருப்பார்கள். முடிவு அறிவிக்கப்பட்டதும் மதகு திறக்கிறது. தேங்கியிருந்த எல்லா வெளியேற்றங்களும், ஓய்வு விண்ணப்பங்களும், இடமாற்றங்களும், பிள்ளையின் படிப்புக்காக மத்திய அரசுப் பணிக்குப் போக நினைத்தவரின் கோரிக்கையும், ஒரே சமயத்தில் வெளிவருகின்றன. தேர்தலை அடுத்து நடந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது இதனால்தான்.

கடிதம் கொடுத்த நாளும் ஏற்ற நாளும்

பொதுமக்களின் எதிர்வினை பெரும்பாலும் கடிதம் கொடுத்த நாளில் வெடிக்கிறது. சட்டத்தின் பார்வையில் அன்று ஒன்றும் முடிந்துவிடவில்லை. கடிதம் தெளிவாகவும் நிபந்தனையற்றும் இருக்க வேண்டும். அரசுக்கு அவர் தர வேண்டிய நிலுவை உண்டா, ஊழல் தடுப்பு விசாரணை நிலுவையில் உண்டா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே ஏற்பு, அதன் பிறகே விடுவிப்பு.

செட்டிநாட்டில் இந்த முறை புதிதல்ல. ரங்கூனிலும் பினாங்கிலும் கடை வைத்திருந்த முதலாளிகள், ஏஜெண்டுகளைப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். தவணை முடிந்தவர் அடுத்து வந்தவரிடம் பெட்டகச் சாவியையும் பேரேடுகளையும் ஐந்தொகையோடு ஒப்படைத்த பிறகே அவருடைய பொறுப்புத் தீர்ந்ததாகக் கொள்வார்கள். ஊர் திரும்பும் எண்ணத்தை அவர் எப்போது கடிதத்தில் எழுதினார் என்பதற்குக் கணக்கில் இடமில்லை.

ஏற்கும் கட்டத்தில் அரசுகள் நடந்துகொள்ளும் விதம் சீராக இருப்பதில்லை. இதற்கு மூன்று நிகழ்வுகள் போதும்.

ஐ.ஏ.எஸ். அதிகாரி கண்ணன் கோபிநாதன் 2019 ஆகஸ்டில் ராஜினாமா கடிதம் கொடுத்தார். அது ஏற்கப்படாமல் கிடந்தது. 2020 ஏப்ரலில், கொரோனாக் காலத்தில், பணிக்குத் திரும்புமாறு அவருக்கு உத்தரவு வந்தது, அவர் மறுத்தார். தாம் விலகிவிட்டதாக அவர் சொல்ல, அவர் இன்னும் தங்கள் ஊழியரே என்று அரசு சொன்னது.

காஷ்மீரைச் சேர்ந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷா ஃபேசல் 2019 ஜனவரியில் ராஜினாமா அறிவித்து, தனிக் கட்சியும் தொடங்கினார். பிறகு அரசியலை விட்டார். அவருடைய ராஜினாமா ஏற்கப்படாமலே இருந்ததால், 2022-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு மீண்டும் பணியில் சேர முடிந்தது. கட்சி அரசியலுக்காக ராஜினாமா செய்தவர் திரும்ப வரக் கூடாது என்று விதியில் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தத் தடை, ராஜினாமா நடைமுறைக்கு வந்த பிறகு 90 நாளுக்குள் திரும்ப வர அனுமதிக்கும் ஏற்பாட்டுக்கு உரியது. நடைமுறைக்கு வரும் முன்னரே திரும்பப் பெறுவது வேறு. எதிர்கால நாளிட்டுத் தரப்பட்ட ராஜினாமாவை அந்த நாள் வருவதற்குள் திரும்பப் பெறலாம் என்று, அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-இலேயே கூறிவிட்டது.

மூன்றாவது நிகழ்வு இவற்றுக்கு நேர் எதிர். தேர்தல் ஆணையர் அருண் கோயல் 2024 மார்ச் 9 அன்று விலகினார். குடியரசுத் தலைவர் அன்றே ஏற்றுக்கொண்டார். அவருடைய பதவிக்காலம் 2027 டிசம்பர்வரை இருந்தது. மக்களவைத் தேர்தல் அறிவிப்பு ஒரு வாரத்தில், மார்ச் 16 அன்று வந்தது. இடையில் மார்ச் 14 அன்று இரண்டு புதிய ஆணையர்கள் நியமிக்கப்பட்டார்கள்.

ஒருவருடைய கடிதம் ஆண்டுக்கணக்கில் தூங்குகிறது, இன்னொருவருடையது அந்தி சாய்வதற்குள் ஏற்கப்படுகிறது. கடிதம் கொடுப்பது தனிமனிதரின் முடிவு. எவ்வளவு வேகத்தில் அது ஏற்கப்படுகிறது என்பதே அரசின் முடிவு. அரசின் மனத்தை அறிய விரும்புகிறவர் இந்த இரண்டாவது தேதியைத்தான் கவனிக்க வேண்டும்.

மூன்று விளக்கங்களையும் எடைபோட்டால்

*நெருக்கடி என்ற விளக்கம்.* முதல் வகைப் பதவிகளில் இது உண்மை, ஆனால் செய்தி அல்ல. இரண்டாம் வகையில் நெருக்கடி இருந்தால் அது இடமாற்றமாகத்தான் வரும். அரசிடம் அந்தக் கருவி கையிலேயே இருக்கும்போது ராஜினாமாவை வற்புறுத்த வேண்டிய தேவை குறைவு. மூன்றாம் வகையில்தான் இந்தக் கேள்விக்கு உண்மையான எடை உண்டு. நீக்க முடியாதவர் தாமாகவே போவது அரசுக்கு வசதியாக அமையலாம் என்பதால், அங்கே மக்கள் கேள்வி கேட்பது நியாயம்.

அசோக் லவாசா 2018 ஜனவரியில் தேர்தல் ஆணையரானார். 2019 மக்களவைத் தேர்தலின்போது, பிரதமர் மீதும் பா.ஜ.க. தலைவர் அமித் ஷா மீதும் வந்த நடத்தை விதி மீறல் புகார்களை ஆணையம் தள்ளுபடி செய்ததில் சிலவற்றுக்கு மாறுபட்ட கருத்துப் பதிவு செய்தார். இருந்திருந்தால் 2021-இல் தலைமைத் தேர்தல் ஆணையராகியிருக்கும் வரிசையில் இருந்தவர், 2020 ஆகஸ்டில் விலகி ஆசிய வளர்ச்சி வங்கியின் துணைத் தலைவர் பதவிக்குப் போனார். தேர்தலுக்கும் விலகலுக்கும் இடையில் ஓராண்டுக்கு மேல் ஓடியிருந்தது. அதனால் ஊர்ப் பேச்சில் இது பெரிதாக அடிபடவில்லை. தேர்தல் நிருவாகத்தைப் பற்றிய கேள்வி என்று பார்த்தால், முடிவு வந்த மறு வாரம் நடக்கும் பல இடமாற்றங்களைவிட இதற்குத்தான் கனம் அதிகம். தேதி நெருக்கத்தை வைத்து மட்டும் முக்கியத்துவத்தை அளந்தால் இப்படித்தான் தவறவிடுவோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல் 2018 டிசம்பர் 10 அன்று, சொந்தக் காரணங்கள் என்று கூறி விலகினார். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல்களின் வாக்கு எண்ணிக்கை மறுநாள். வட்டித் தொழிலும் வங்கித் தொழிலும் தெரிந்த செட்டிநாட்டுக் குடும்பங்களில் இது பற்றிப் பேசாதவர்கள் குறைவு. இரண்டையும் முடிச்சுப் போட்டவர்கள் அன்று நிறைய. வங்கியின் கையிருப்பு நிதி, வாராக்கடன் விதிகள், ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 7-ஆவது பிரிவைக் காட்டி அரசு ஆணையிடலாமா என்ற பிரச்சினை ஆகியவை பற்றி அதற்குப் பல வாரங்களுக்கு முன்பிருந்தே வெளிப்படையான மோதல் நடந்துகொண்டிருந்தது. தேர்தல் இல்லாமல் இருந்தாலும் அந்த மோதல் இருந்திருக்கும்.

*கட்சியில் சேரப் போகிறார் என்ற விளக்கம்.* சில நேரம் இது சரியாகிவிடுவதால்தான் எல்லா நேரமும் நம்பப்படுகிறது. கர்நாடகப் பிரிவு ஐ.பி.எஸ். அதிகாரி கு. அண்ணாமலை 2019 மே 28 அன்று ராஜினாமாவை அறிவித்தார். மக்களவை முடிவு வந்து ஐந்து நாள். 2020 ஆகஸ்டில் பா.ஜ.க.வில் சேர்ந்தார். அதே பிரிவின் ஐ.ஏ.எஸ். அதிகாரி சசிகாந்த் செந்தில் 2019 செப்டம்பரில் விலகி, பிறகு காங்கிரசில் சேர்ந்து, 2024-இல் திருவள்ளூர் மக்களவை உறுப்பினரானார். இருவரும் 20 ஆண்டு முடிக்காதவர்கள். விருப்ப ஓய்வு கேட்க அவர்களுக்கு வழியில்லை, ராஜினாமா ஒன்றே வாசல். புதுக்கோட்டை மாவட்டத்தில் பிறந்த உ. சகாயம் விருப்ப ஓய்வு பெற்று, 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னரே அரசியல் மேடைக்கு வந்தார். தமிழ்நாட்டில் பிறந்து ஒடிசாவில் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த வி.கே. பாண்டியன் 2023 அக்டோபரில் விருப்ப ஓய்வு பெற்றார், உடனே அமைச்சர் தகுதியில் ஒரு பொறுப்பு, பிறகு பிஜு ஜனதா தளம். 2024 ஜூன் 4 முடிவில் கட்சி தோற்றது. ஜூன் 9 அன்று தீவிர அரசியலிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அன்று விலகியவர் அதிகாரி அல்லர், அரசியல்வாதி. ஆயினும் "ஐ.ஏ.எஸ். விலகினார்" என்றே இங்கே பலர் பகிர்ந்தார்கள்.

பணியில் இருக்கும்வரை கட்சி அரசியலில் ஈடுபடக் கூடாது என்று அகில இந்தியப் பணியினருக்கான 1968-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் தடுக்கின்றன. பணியை விட்ட பிறகு தேர்தலில் நிற்க எவ்வளவு காலம் பொறுத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தனியார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்வதென்றால், ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் அரசின் அனுமதி தேவை. சிமெண்ட் ஆலைக்கு ஆலோசகராகப் போகக் கேட்டுப் போக வேண்டும், சட்டமன்றத்துக்குக் கேட்காமல் போகலாம் என்பது விநோதமான ஏற்பாடு. மக்களின் சந்தேகத்துக்கு இந்த ஓட்டையும் ஒரு காரணம். தேர்தலில் நிற்கும் முன் பொறுத்திருக்கும் காலம் வேண்டும் என்ற கோரிக்கை 2022-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, அதை முடிவு செய்ய வேண்டியது சட்டமன்றங்களின் வேலை என்று நீதிமன்றம் விட்டுவிட்டது.

*எண்ணிக்கையில் ஏதோ நடந்திருக்கிறது என்ற விளக்கம்.* மூன்றிலும் மிக ஆபத்தானது, மிக எளிதில் சரிபார்க்கக் கூடியது, மிகக் குறைவாகச் சரிபார்க்கப்படுவது இதுவே. சிவகங்கை மக்களவைத் தொகுதி இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது: திருமயமும் ஆலங்குடியும் புதுக்கோட்டை மாவட்டம், காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை ஆகியவை சிவகங்கை மாவட்டம். ஆகவே தேர்தலுக்குப் பின் புதுக்கோட்டை ஆட்சியர் மாறினாலும் சிவகங்கை ஆட்சியர் மாறினாலும் ஒரே தொகுதியைப் பற்றிய வதந்தியாகவே அது பேசப்படும். 2009-இல் இத்தொகுதியில் ப. சிதம்பரம் 3,354 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டதும் எழுந்த சர்ச்சை இன்னும் ஊர்ப் பேச்சில் இருக்கிறது. எதிர்த்துப் போட்டியிட்ட ராஜ கண்ணப்பன் சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுத் தாக்கல் செய்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது.

தேர்தல் முடிவைக் கேள்விக்கு உட்படுத்தும் சட்ட வழி தேர்தல் மனு ஒன்றே. முடிவு அறிவிக்கப்பட்ட 45 நாளுக்குள் வேட்பாளரோ வாக்காளரோ உயர் நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். அதிகாரி இருந்தாலும் போனாலும் அந்த 45 நாள் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஐயம் உள்ளவர் பார்க்க வேண்டிய காகிதங்கள் வருமாறு:

1. 17சி படிவம். வாக்குப்பதிவு முடிந்ததும், அந்தச் சாவடியில் பதிவான வாக்கு எத்தனை என்று எழுதி, கட்சி முகவர்களுக்கு நகல் தருவார்கள். சாவடியில் உட்கார்ந்திருந்த எந்த முகவரிடமும் இது இருக்கும்.

2. 20-ஆவது படிவம். எண்ணிக்கைக்குப் பின், ஒவ்வொரு சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்ற இறுதித் தாள். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வெளியாகும்.

3. இயந்திரச் சரிபார்ப்பு விண்ணப்பம். 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் முடிவு வந்த ஏழு நாளுக்குள் கேட்டால், ஒரு சட்டமன்றப் பகுதிக்கு 5 விழுக்காட்டு இயந்திரங்களின் நினைவகத்தைச் சரிபார்க்க வேண்டும். செலவு கேட்டவருடையது, முறைகேடு தெரியவந்தால் பணம் திரும்பக் கிடைக்கும்.

முதல் இரண்டு தாள்களின் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு மாலைப் பொழுது போதும். வித்தியாசம் இருந்தால் அது வழக்குக்கு ஆதாரம். அதிகாரி போனார் என்பது எந்த நீதிமன்றத்திலும் ஆதாரமாகாது.

காரணத்தை ஏன் சொல்வதில்லை?

"சொந்தக் காரணங்கள்" என்ற வரியைப் படித்ததும் மக்கள் சிரிப்பது நியாயம்தான். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் விதி இருக்கிறது. பணியில் இருப்பவர் அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ பொதுவெளியில் குறைகூறக் கூடாது என்று பணி நடத்தை விதிகள் சொல்கின்றன. ராஜினாமா ஏற்கப்படும்வரை அவர் பணியில் இருப்பவர்தான். ஆகவே கடிதத்திலோ பேட்டியிலோ உண்மையைச் சொன்னால், விலகும் முன்பே ஒழுங்கு நடவடிக்கைக்கு வழிவகுத்துக்கொள்வார். நடவடிக்கை நிலுவையில் இருந்தால் ராஜினாமா ஏற்கப்படுவதும் தாமதமாகும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாமே என்றால், அரசு ஊழியரின் பணி தொடர்பான ஆவணங்கள் அவருக்கும் வேலை கொடுத்தவருக்கும் இடைப்பட்டவை, பொதுநலன் காட்டாமல் தர வேண்டியதில்லை என்ற போக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கடிதம் கொடுத்த தேதி, ஏற்ற தேதி, விடுவித்த தேதி ஆகிய மூன்றையாவது அரசு தானே வெளியிட்டால் பாதி வதந்தி அடங்கிவிடும். அதைச் செய்யத் தடையேதும் இல்லை, செய்வதில்லை, அவ்வளவுதான். அரசு இந்த அளவு மௌனமாக இருந்துவிட்டு மக்கள் கதை கட்டுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயமில்லை.

நம் ஊர் வேலைகளுக்கு என்ன ஆகும்?

சென்னையில் செயலாளர் மாறியதைவிட, சிவகங்கையிலோ புதுக்கோட்டையிலோ ஆட்சியர் மாறியதுதான் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் மக்களுக்கு உடனே உறைக்கும். பட்டா, ஊரணி ஆக்கிரமிப்பு, பாகப்பிரிவினை ஆகாத பழைய வீட்டின் பெயர் மாற்றம் என்று திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்க வேண்டிய மனுக்கள், தேர்தல் நடத்தை விதிகள் காரணமாகக் கூட்டம் நடக்காததால் வாரக்கணக்கில் தேங்கியிருக்கும். கூட்டம் மறுபடி தொடங்கும்போது மேடையில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார்.

போனவர் முறையாகப் பிறப்பித்த ஆணைகள் அவரோடு போவதில்லை. அவை அந்த அலுவலகத்தின் ஆணைகள். ஒருவருடைய நியமனமே பின்னர் செல்லாது என்று ஆனாலும், பதவியில் இருந்தபோது அவர் செய்த செயல்கள் செல்லும் என்று 1981-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்றிருக்கிறது. முறையாக இருந்து முறையாக விலகியவர் விஷயத்தில் கேள்வியே எழாது. புதிய அரசோ புதிய ஆட்சியரோ ஓர் ஆணையை மறுபரிசீலனை செய்தால், அது தனியான முடிவு. அதற்குத் தனியான காரணமும், பாதிக்கப்படுபவருக்கு விளக்கம் அளிக்க வாய்ப்பும் வேண்டும்.

புதியவர் வரும்வரை மாவட்ட வருவாய் அலுவலர் போன்ற அடுத்த நிலை அதிகாரி கூடுதல் பொறுப்பில் இருப்பார். அன்றாடக் கோப்புகள் நகரும். கொள்கை முடிவு தேவைப்படும் கோப்புகள் பெரும்பாலும் புதியவருக்காக ஒதுக்கி வைக்கப்படும். முன்பு கொடுத்த மனுவைப் புதிதாக எழுதி மறுபடி கொடுத்தால் அது புதிய எண்ணில் பதிவாகி, பழைய மனுவின் மேல் தாசில்தார் அலுவலகம் அனுப்பிய அறிக்கை வேறு கோப்பில் கிடக்கும். பழைய ஒப்புகைச் சீட்டின் எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டுக் கடிதம் கொடுத்தால் அதே கோப்பு தொடரும்.